கார் கதவில் ஏறிய ஊர்

கார் இல்லாமல் கார் விளம்பரம் எடுக்க வந்தவர்கள் எங்கள் கொல்லாவிளைக்கு ஒரு எவர்சில்வர் பந்தைக் கொண்டுவந்தார்கள். கேமராக்கள் வந்தன, கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓட ஒரு வேன் வந்தது, குடைகள் வந்தன, குடைக்குக் கீழே போட நாற்காலிகள் வந்தன, நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்கு ஐஸ் பெட்டியில் தண்ணீர் பாட்டில் வந்தது, காலையிலிருந்து எங்கள் ரோட்டை மறித்துவைத்துக்கொண்டு எல்லாமே வந்தது, கார் மட்டும் வரவில்லை. எங்கள் ஊர் இருக்கிற தேரிக்காடு என்றால் சிவப்பு மணல், மேட்டுக்கு மேல் மேடு, காற்றடித்தால் இன்று இங்கே இருக்கிற மேடு நாளை அங்கே இருக்கும், நடுவில் ஒரே ஒரு தார் ரோடு, அந்த ரோட்டின் இரண்டு பக்கமும் நாங்கள். பார்க்க அழகான இடம் என்று வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள், எங்களுக்குக் கண்ணில் மண் விழாமல் இருந்தால் போதும்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. யார் புது வண்டி வாங்கினாலும், அது பைக்கோ டிராக்டரோ, எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றுவதற்கு முன்னால், கோயிலுக்கோ சர்ச்சுக்கோ கொண்டுபோவதற்கு முன்னால், ஊரை ஏற்றிக்கொண்டு தண்ணீர்த் தொட்டியிலிருந்து ஊர் எல்லை வரை போய்த் திரும்ப வேண்டும். ஊர்ச்சுற்று என்போம். ஏறுகிற ஒவ்வொருவரும் வண்டியைத் தட்டி ‘ஏறியாச்சு’ என்று சொல்ல வேண்டும், திரும்பி வந்ததும் ‘இறங்கியாச்சு’ என்று சொல்ல வேண்டும், கடைசி ஆள் இறங்கியாச்சு என்று சொல்கிறவரை அந்த வண்டி வாங்கினவனுடையது இல்லை, ஊருடையது. பைக் என்றால் இரண்டிரண்டு பேராக நாள் முழுக்க ஓடும். முருங்கைக்காய் மூட்டை ஏற்றிச் சந்தைக்குப் போகிற சொர்ணக்கனி தன் குட்டியானை லாரியை வாங்கிய அன்று, நடக்க முடியாதவர்களைக் கட்டிலோடு தூக்கிப் பின்னால் வைத்துச் சுற்றி வந்தோம். அந்த லாரியை ஓட்டி ஓட்டித்தான் அவள் ரோட்டைப் பார்த்து இரண்டு அறை வீடு கட்டினாள், கான்கிரீட் போட்ட அன்று சித்தாள்களோடு சித்தாளாக நின்று தானும் சட்டி சுமந்தாள். வீடு வந்தது, வீட்டுக்கு நம்பர் வரவில்லை. எங்களில் ஒருவருக்கும் வரவில்லை, பட்டாவும் கிடையாது, கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம்.

ஆகவே புது வண்டியை வைத்து ஊருக்குள் வேலை நடக்கிறது என்றதும் சொர்ணக்கனிதான் முதலில் போய்க் கேட்டாள்.

“வண்டி எங்கன?”

பந்தைக் கம்பியில் செருகிப் பிடித்துக்கொண்டு நின்றவர் பெயர் ஜமீல். சென்னையில் கம்ப்யூட்டரில் படம் செய்கிற ஸ்டூடியோவில் வேலை, வெயிலில் நின்று பழக்கமில்லாததால் காது சிவந்துபோயிருந்தது. “வண்டி வராதுக்கா. நாங்க கம்ப்யூட்டர்ல செஞ்சுக்குவோம்” என்றார்.

“வராத வண்டிக்கு எதுக்குய்யா ரோட்ட மறிச்சு வச்சிருக்கிய? எங்க ஊருக்கு வண்டி வந்தா ஊர்ச்சுற்று உண்டு. அத முடிச்சிட்டுத்தான் மத்த வேல.”

குடைக்குக் கீழே கூலிங் கிளாசோடு உட்கார்ந்திருந்த சுதர்சன், கார் கம்பெனியின் விளம்பரப் பிரிவுக்கே தலைவர், “லைட் போகுது ஜமீல், எதையாவது சொல்லி அனுப்பு” என்றார்.

ஜமீலுக்குப் பொய் சொல்ல வரவில்லை. “அக்கா, இந்தப் பந்துதான் கார்னு வச்சுக்கோங்க. இதுல சுத்தி என்னென்ன தெரியுதோ அத போட்டோ எடுத்துக்குவேன். அப்பறம் கம்ப்யூட்டர்ல ஒரு கார் செஞ்சு அது மேல இத ஒட்டுவேன். அப்பத்தான் அந்த கார் நிஜமாவே இங்க வந்து நின்ன மாதிரி இருக்கும்.”

“அப்ப இதுக்குள்ள நாங்க தெரிஞ்சா, வண்டியில ஏறின மாதிரிதான?”

“அப்படியும் சொல்லலாம்க்கா.”

சொல்லலாம் என்று அவர் சொன்னதை நாங்கள் ஏறலாம் என்று எடுத்துக்கொண்டோம். பெண்கள் வீட்டுக்கு ஓடி முகம் கழுவிக்கொண்டு வந்தார்கள், பள்ளிக்கூடத்தை விட்டார்கள், சீட்டுக் கட்டோடு வேம்படியில் இருந்தவர்கள் கையில் சீட்டோடு வந்தார்கள், வரிசையில் நின்று ஆளுக்கு ஒரு தட்டு தட்டி, ஏறியாச்சு, ஏறியாச்சு, ஏறியாச்சு என்று சொல்லிவிட்டுப் பந்தைச் சுற்றி நின்றோம், எங்களுக்குப் பின்னால் எங்கள் வீடுகளும் தொட்டியும் முருங்கை மரங்களும் பந்துக்குள் வளைந்து நின்றன. கையில் சீட்டோடு நின்ற பால்கனி அண்ணாச்சி பந்துக்குள் தன் மூக்கைப் பார்த்தார். அது சுரைக்காய் அளவுக்கு வீங்கித் தெரிந்தது. மனிதர் சிரிக்க ஆரம்பித்தார், நிறுத்தவே முடியவில்லை, அவர் மனைவி தங்கபுஷ்பம் முழங்கையால் இடித்துப் பார்த்தும் நிற்கவில்லை. அந்த நேரத்தில் ஜமீல் போட்டோ எடுத்தார். அடுத்த நிமிஷம் வெளிச்சம் போய்விட்டது என்று சொல்லிப் பந்தைப் பெட்டியில் வைத்து, குடைகளை மடக்கி, எங்கள் யாரையும் இறக்கிவிடாமலே கிளம்பிப் போனார்கள்.

சில மாதம் கழித்து விளம்பரம் கிரிக்கெட்டுக்கு நடுவில் வந்தது. தேரி இருந்தது, நாங்கள் இல்லை. ரோடு இருந்தது, ரோட்டில் நாங்கள் சண்டை போட்டு வாங்கிய வேகத்தடை இல்லை. தொட்டி இல்லை, பள்ளிக்கூடம் இல்லை, கரண்ட் கம்பம் இல்லை, ஒரு முருங்கை மரத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. சிவப்பு மணலுக்கு நடுவில் ஆரண்யா என்கிற கார் புழுதி பறக்க ஓடி வந்து நின்றது, ஒரு கம்பீரமான குரல், “யாருமே இல்லாத இடம். நீங்கள் மட்டும்” என்றது. சொர்ணக்கனி எழுந்து வாசலுக்குப் போய்த் தொட்டி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தாள். அவளை யாரும் கேலி செய்யவில்லை, ஏனென்றால் எல்லா வாசலிலும் ஆள் நின்றது.

கோபம் ஆறுவதற்குள் கிராம நிர்வாக அலுவலர் வந்தார். நல்ல மனிதர், நல்ல செய்தி கொண்டுவருகிற பழக்கம் மட்டும் அவருக்கு இல்லை. கார்களை ஓட்டிப் பரிசோதிக்க அந்தக் கம்பெனிக்கு ஒரு ஓடுபாதை வேண்டுமாம், அதற்குத் தேரியை எடுக்கப்போகிறார்களாம், எங்கள் ஊர் இருக்கும் இடம் குடியிருப்பு இல்லாத தரிசு என்று எழுதியாகிவிட்டதாம்.

“குடியிருப்பு இல்லன்னு எப்படிய்யா எழுதுவிய? நீங்க உக்காந்திருக்க நாற்காலி யார் வீட்டுது?” என்றாள் சொர்ணக்கனி.

“நான் என்னத்தம்மா செய்ய. மேல கேட்டாவ. நான் ஊரு இருக்குன்னுதான் சொன்னேன். அவிய விளம்பரத்தப் போட்டுக் காட்டி, எங்கன இருக்குன்னு காட்டுன்னுட்டாவ. என்னால காட்ட முடியல. விசாரணை வருது, அங்க வந்து சொல்லுங்க.”

இருக்கிற ஊரை இல்லை என்று சொல்வதற்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும் என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோதுதான் மதுரையில் முதல் முகம் தெரிந்தது.

ஒரு பல் டாக்டர் புது ஆரண்யாவை வாங்கி வீட்டு வாசலில் நிறுத்தி, கதவின் பளபளப்பில் தலை சீவலாம் என்று குனிந்தார். கதவில் அவர் இல்லை. சீப்பு பிடித்த கை இல்லை, அவர் வீட்டு வாசல் இல்லை, எதிர்வீட்டு மாடி இல்லை, சிவப்பு மணலில் முருங்கை மரத்துக்கு முன்னால் பூப்போட்ட சேலையில் சொர்ணக்கனி நின்றுகொண்டு அவரையே பார்த்தாள். டாக்டர் துடைத்தார், கழுவினார், ஷோரூமுக்குக் கொண்டுபோய்ப் பாலிஷ் போட்டார், கடைசியில் பெயின்டைச் சுரண்டி வேறு நிறம் அடித்தார், வேறு நிறத்திலும் அவள் அதே சேலையில் நின்றாள். பிறகு கோயம்புத்தூரில், பிறகு சேலத்தில், பிறகு விற்ற ஒவ்வொரு ஆரண்யாவிலும், கொல்லாவிளை முழுவதும் அவரவர் நின்ற இடத்தில் நின்றது. வாங்கியவர் எவ்வளவு கிட்டப் போய்ப் பார்த்தாலும் அவரைத் தவிர எல்லோரும் தெரிந்தார்கள். எப்படி என்று எங்களைக் கேட்காதீர்கள். கம்ப்யூட்டரில் ஓடுகிற காருக்கும் ரோட்டில் ஓடுகிற காருக்கும் என்ன உறவோ, அது அவர்கள் குடும்ப விவகாரம். எங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: ஏறினோம், இறக்கிவிடவில்லை.

மனிதர்களுக்கு எதுவும் ஒரு மாதத்தில் பழகிவிடும். முதலில் பயந்தவர்கள் பிறகு திட்டினார்கள், திட்டியவர்கள் பிறகு பேச ஆரம்பித்தார்கள். சேலத்தில் ஒரு டிரைவர் தினமும் வண்டியை எடுக்கும்போது கதவைப் பார்த்து வணக்கம் வைப்பாராம், திருச்சியில் ஒரு அம்மா காருக்குப் பொட்டு வைக்கும்போது டிக்கியில் நிற்கிற எங்கள் பெண்பிள்ளைகளுக்கும் சேர்த்துத் தனித்தனியாக வைப்பாராம், ஈரோட்டில் ஒரு தையல்கடைக்காரி முன் கதவில் தெரிந்த ஜாக்கெட்டின் கழுத்து வெட்டைப் பார்த்துத் தைத்து நன்றாகச் சம்பாதித்தாராம். விடுமுறை நாட்களில் ஆரண்யாக்கள் எங்கள் ஊரைத் தேடி வரத் தொடங்கின. இறங்கி நின்று காரையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்து, “நீங்கதானே எங்க வலது பக்க முன் கதவு?” என்று கேட்பார்கள். ஆமாம் என்போம். குழந்தைகள் எங்களைத் தொட்டுப் பார்க்கும். பதநீர் விற்றது, முருங்கைக்காய் விற்றது, யார் எந்த இடத்தில் இருக்கிறோம் என்பதில் எங்களுக்குள்ளேயே மனத்தாங்கலும் வந்தது. பெட்ரோல் மூடியில் முகம் விழுந்த ஒருத்தி, ஒவ்வொரு பெட்ரோல் பங்க்கிலும் தன் மூக்கைத் திறந்து மூடுகிறார்கள் என்று அழுதாள். எனக்குக் கிடைத்தது பின் கதவில் கைப்பிடிக்குக் கீழே, நான் குறை சொல்லவில்லை. கணக்காகப் பார்த்தால் கடைசி ஆள் இறங்காதவரை அந்தக் கார்கள் எல்லாம் எங்களுடையவை, அவர்களை ஓட்டவிட்டிருக்கிறோம், அவ்வளவுதான்.

பானெட்டுக்கு நட்ட நடுவில் பால்கனி அண்ணாச்சி சிரித்துக்கொண்டிருந்தார். சரியான இடம், எதிரே வருகிற லாரிக்காரனும் பார்த்துச் சிரிப்பானாம். ஆனி மாதம் ஒரு மத்தியானம் அவர் பஸ்ஸில் வரும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர், ஊர் வருவதற்குள் போய்விட்டார். போஸ்டர் அடிக்கப் படம் கேட்டபோதுதான், ரேஷன் கார்டில் கடுகடுவென்று இருக்கிற முகத்தைத் தவிர வேறு படமே இல்லை என்பது தங்கபுஷ்பத்துக்குத் தெரிந்தது. காரியம் முடிந்த மறுநாள் அவள் டவுன் பஸ் ஏறி ஆரண்யா ஷோரூமுக்குப் போனாள். செக்யூரிட்டி விடவில்லை. கண்ணாடிக்கு வெளியே வெயிலில் நின்று உள்ளே இருந்த காரைப் பார்த்தாள். அடுத்த வாரமும் போனாள், அதற்கடுத்த வாரமும் போனாள், கடைசியில் அவர்களே கதவைத் திறந்து ஒரு நாற்காலி போட்டார்கள். அவள் பானெட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, கேஸ் சிலிண்டர் புத்தகத்தை எங்கே வைத்தீர், உங்கள் தம்பி வரப்புத் தகராறை மறுபடி கிளப்புகிறான், நாக்கில் ருசியே இல்லை என்று பேசிவிட்டு வருவாள். அதைப் பார்த்து அழுத ஒரு விற்பனைப் பெண் வேலையையே விட்டுவிட்டாள் என்று கேள்வி.

விசாரணைக்குக் கோட்டாட்சியர் அலுவலகத்துக்குச் சொர்ணக்கனியின் குட்டியானையில் நின்றுகொண்டு போனோம். கம்பெனி வக்கீல் சுவரில் விளம்பரத்தைப் போட்டுக் காட்டினார். கம்ப்யூட்டரில் ஒவ்வொரு படமாகத் துடைத்து எடுத்த விளம்பரம், அதில் காரின் மேல்கூட வானம்தான் தெரிந்தது. வக்கீல், “மேடம், கண்ணுக்கெட்டிய தூரம் மணல். இவர்கள் எங்கே குடியிருந்தார்கள்?” என்றார். கோட்டாட்சியர் அம்மா எங்கள் பக்கம் திரும்பி, உங்களிடம் என்ன ஆதாரம் இருக்கிறது என்று கேட்டார்.

சொர்ணக்கனி, “வெளிய வந்து வக்கீலய்யா காரப் பாருங்கம்மா” என்றாள்.

வக்கீல் எந்தக் காரில் வந்திருப்பார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கோட்டாட்சியர் அம்மா வேப்ப மர நிழலில் நின்ற ஆரண்யாவை ஒரு சுற்று சுற்றினார். டிக்கியில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், பின் கதவில் தொட்டி, தொட்டிக்குக் கீழே நான், முன் கதவில் சொர்ணக்கனியும் அவள் வீடும், பானெட்டில் சிரிப்பு. கைக்குட்டையால் ஒரு இடத்தைத் துடைத்துப் பார்த்தார்.

“நான் எங்க தெரியறேன்?”

“நீங்க தெரிய மாட்டியம்மா. அது எங்க ஊரு.”

அந்த அம்மா கைக்குட்டையை மடித்து வைத்தார். பிறகு வக்கீலிடம், “இத்தன பேர் நிக்கிற இடத்த ஆளில்லாத இடம்னு நான் கையெழுத்துப் போட முடியாது சார். இவங்க இங்க தெரியற வரைக்கும் முடியாது” என்றார்.

நாங்கள் வழியெல்லாம் குலவையிட்டுக்கொண்டு வந்தோம். கம்பெனிக்காரர்களுக்கோ அந்த ‘தெரியற வரைக்கும்’ மட்டும் காதில் நன்றாக விழுந்தது. ஜமீலைக் கூப்பிட்டு உலுக்கினார்கள். முகங்களைத் துடைக்க அவர் படாத பாடு பட்டிருந்தார், ஒருமுறை வழி தேடி எங்கள் ஊருக்கே வந்து சொர்ணக்கனி வீட்டில் சாப்பிட்டு, ஊர்ச்சுற்று விவரத்தைக் கேட்டுக்கொண்டும் போயிருந்தார். வேலை போய்விடும் என்றதும் அதைச் சொல்லிவிட்டார். பிள்ளைகுட்டிக்காரர், அவர்மேல் எங்களுக்கு வருத்தமில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பளிச்சென்று ஒரு வெள்ளை ஆரண்யா தொட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றது. ஜமீல் ஓட்டி வந்தார், பின்னாலிருந்து சுதர்சன் இறங்கிக் கும்பிட்டார். அன்றைக்கு உங்களை இறக்கிவிடாமல் போனது எங்கள் தப்பு, இன்றைக்கு முறைப்படி ஊர்ச்சுற்றை முடித்துவிடுவோம், எல்லோரும் இறங்கிவிட்டால் டவுனுக்குப் பக்கத்தில் ஆளுக்கு ஒரு வீடு, வீட்டுக்குள்ளேயே குழாய், வாசலில் நம்பர், எழுதியே கொண்டுவந்திருக்கிறேன் என்றார். நம்பர் என்றதும் கூட்டத்தில் ஒரு சலசலப்பு ஓடியது.

“இறங்கினா அப்பறம் நாம எங்கயும் இல்ல” என்றாள் சொர்ணக்கனி. “இந்தக் காருல தெரியுதோம்னுதான் அந்தம்மா கையெழுத்துப் போடல. அது தெரியாம இவரு ஒண்ணும் வீட்ட அள்ளிக்கிட்டு வரல.”

“ஒனக்கென்ன மைனி, நீ ஒத்தக்கட்ட” என்றாள் பெட்ரோல் மூடியில் முகம் இருந்தவள். “எம் மகளப் பாக்க வந்த மாப்ள, பொண்ண ஏற்கனவே நாலு கார்ல பாத்துட்டேன்னு சிரிக்கான். எத்தன நாளைக்கு ஊரான் வண்டியில நிக்க?”

“அதான, தண்ணி வராத தொட்டிக்கு எதுக்கு இம்புட்டு வீம்பு?” என்றது இன்னொரு குரல். பேச்சு வெயில் ஏறும்வரை நீண்டது. யாரும் கெட்டவர்கள் இல்லை. எல்லோரும் களைத்திருந்தார்கள், அவ்வளவுதான். ஊர் இறங்குவது என்று முடிவானது, முடிவானபின் ஊர்ப் பேச்சை மீறுவது எங்கள் பழக்கத்தில் இல்லை.

ஐந்தைந்து பேராக ஏறி எல்லை வரை போய்த் திரும்பினோம். இறங்கியாச்சு என்று முதலில் சொன்னவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள். சொன்னவுடன் டிக்கியிலிருந்து பிள்ளைகள் போனார்கள், அவர்கள் பின்னால் இருந்த பள்ளிக்கூடமும் சேர்ந்து போனது. நாங்கள் அதை எதிர்பார்க்கவில்லை. ஆள் மட்டும்தான் இறங்கும் என்று நினைத்திருந்தோம், ஆனால் ஒவ்வொரு இறங்கியாச்சுக்கும் ஒரு வீடு போனது, ஒரு முருங்கை போனது, ஒரு ஆட்டுக் கொட்டில் போனது, போன இடத்தில் எல்லாம் சுதர்சன் துண்டு துண்டாகத் தெரிய ஆரம்பித்தார், இங்கே ஒரு சட்டைப் பொத்தான், அங்கே ஒரு வாட்ச். அவருக்குப் போன் மேல் போன் வந்தது, மதுரையில் போகிறது, சேலத்தில் போகிறது என்று. அவர் முகத்தில் சிரிப்புத் தாங்கவில்லை. நான் சொன்னபோது தொட்டி போனது. வாயைப் பொத்திக்கொண்டேன், ஆனால் சொன்னது சொன்னதுதான்.

சொர்ணக்கனி கடைசியில் வந்தாள். கதவில் அவளுக்குப் பின்னால் தெரிந்த இரண்டு அறை வீட்டை, அவள் சட்டி சுமந்து போட்ட கூரையை, ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். “இறங்கியாச்சு” என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு. வீடு போய்விட்டது. அந்த இடத்தில் சுதர்சனின் கூலிங் கிளாஸ் தெரிந்தது.

“முடிஞ்சுதா?” என்றார் சுதர்சன்.

ஜமீல் பானெட்டைக் காட்டினார். “ஒருத்தர் பாக்கி சார்.”

பால்கனி அண்ணாச்சி கையில் சீட்டோடு சிரித்துக்கொண்டிருந்தார்.

இறந்தவர் எப்படி இறங்குவார் என்று யாருக்கும் தெரியவில்லை. ஊர்ச்சுற்றுக்கு நடுவில் யாரும் எங்கள் ஊரில் செத்ததில்லை. சொந்தக்காரர் யாராவது அவருக்காகச் சொல்லலாமே என்று சுதர்சன்தான் எடுத்துக்கொடுத்தார், அதில் தப்பு இருப்பதாக எங்களுக்கும் தோன்றவில்லை, எல்லோரும் தங்கபுஷ்பத்தைப் பார்த்தோம். அவள் சொன்னால் சுற்று முடிந்தது, வண்டி அவர்களுடையது, நாளைக் காலையில் கோட்டாட்சியர் அம்மா எந்தக் காரைப் பார்த்தாலும் அதில் தன் முகத்தைத்தான் பார்ப்பார்.

தங்கபுஷ்பம் வந்து பானெட்டில் கையை வைத்தாள். எஞ்சின் ஓடிய சூடு இன்னும் ஆறவில்லை. சூடாக இருந்த அந்த இடத்தில் கையை எடுக்காமல் நின்றாள்.

“ஒரே வார்த்தைம்மா” என்றார் சுதர்சன் மெல்ல. “அவரையும் நிம்மதியா அனுப்பி வச்சுடுங்க. நீங்க சொன்னா அவர் இறங்கிடுவார்.”

“நான் சொன்னாலா?”

“ஆமாம்மா.”

தங்கபுஷ்பம் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “அவிய உசுரோட இருந்த காலத்துலயே நான் சொல்லி ஒரு எடத்த விட்டு எந்திரிச்சது கெடையாதுய்யா. செத்த பெறகு சொல்லி நான் அவமானப்படணுமா?”

சொல்லிவிட்டு முன் கதவைத் திறந்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். “ஏறியாச்சு” என்றாள்.

பிறகு பெட்ரோல் மூடியில் இருந்தவள், தன் மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து காரைத் தட்டினாள். பிள்ளைகள் ஓடி வந்தார்கள். நான் ஓடினேன், என்னைத் தள்ளிக்கொண்டு எனக்குப் பின்னால் நின்றவன் ஓடினான், காரைச் சுற்றிக் கைகள், தட்டுகிற சத்தம், ஏறியாச்சு, ஏறியாச்சு, ஏறியாச்சு என்று தொண்டை கிழிய ஊரே சொன்னது, பள்ளிக்கூடம் வந்தது, கொட்டில் வந்தது, தொட்டி வந்தது. சுதர்சன் என்னமோ கத்தினார், எழுதிக்கொண்டுவந்த காகிதத்தை ஆட்டினார், யார் காதிலும் விழவில்லை. சொர்ணக்கனி டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஜன்னல் வழியே கையை நீட்டினாள், ஜமீல் அந்தக் கையில் சாவியை வைத்தார்.

“எங்க கொண்டு போறீங்க? இது கம்பெனி வண்டி” என்று சுதர்சன் கதவைப் பிடித்தார்.

“ஆளு இன்னும் இறங்கல. கோட்டாட்சியர் அம்மாட்ட காட்டிட்டு, எங்க வீட்டுக்கெல்லாம் நம்பர் வாங்கிட்டு வாரோம். நீங்க நெழல்ல உக்காந்திருங்க” என்றாள் சொர்ணக்கனி.

வண்டி நகர்ந்தது. சுதர்சன் கூடவே நடந்தபடி கதவில் தன்னைத் தேடினார். வாட்ச் போயிருந்தது, பொத்தான் போயிருந்தது, மிச்சம் இருந்த கூலிங் கிளாஸும் அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அணைந்து, அங்கே சொர்ணக்கனியின் வீடு வாசல் திறந்து நின்றது.